பேசாத மனுசனுக்கு வைத்தியம்

பாலிங் மாற்றலைப் பற்றி அகத்தாவுக்குச் சொன்னது புருசன் இல்லை, பக்கத்து வீட்டுச் செல்லாயி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அகத்தா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் கோழிக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த செல்லாயி நிமிர்ந்து பார்த்து, "ஏன் டீச்சர், பாலிங் பக்கம் கம்பெனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறீங்களாமே? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே" என்றாள். தோட்டத்து மேனேஜர் துரை வீட்டில் சமையல் வேலை பார்க்கும் தங்கச்சி சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"இன்னும் முடிவாகல செல்லாயி" என்று அகத்தா சிரித்து மழுப்பினாள். கையிலிருந்த ஈரச் சட்டையைப் பிழிந்த வேகத்தில் காலரில் ஒரு தையல் விட்டுப் போனது.

மலேசியாவில் பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. அகத்தா அங்கே தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. மகள் ஜேன் அதே பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. புருசன் இஞ்ஞாசிமுத்து தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸர். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவது, பிள்ளைத்தாச்சியை வேனில் ஏற்றி அனுப்புவது எல்லாம் இஞ்ஞாசிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் பேசிக் கேட்கவேண்டும். கிழவிகளைக் கேலி செய்வான். ஊசிக்கு அழுகிற பிள்ளைக்கு யானைக் கதை சொல்வான். கல்யாணமான புதிதில் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அகத்தா மயங்கினாள். பிறகுதான் தெரிந்தது, வீட்டில் ஒரு விசயத்தைப் பேசித் தீர்க்கவேண்டும் என்று வந்துவிட்டால் அந்த மனுசன் வேறே ஆள் என்று.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டாள். "பாலிங் மாத்தலா? என்னா சேதி அது?"

இஞ்ஞாசி மென்றுகொண்டிருந்தது நின்றது. கண் மேசை விரிப்பில் போய் ஒட்டிக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் தெரியுது. எனக்குத் தெரியக் கூடாதா? என் வேலை என்னாகுறது? ஜேன் வர்ற வருசம் ஆறாம் ஆண்டு, அரசாங்கப் பரீட்சை. அதாச்சும் ஞாபகம் இருக்கா?"

அவன் தட்டை நகர்த்தி வைத்தான். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மூடின கடைக்கு முன்னால் நின்று கூவுகிற மாதிரி இருந்தது அகத்தாவுக்கு. அவள் குரல் ஏறியது. அவன் எழுந்து கை கழுவினான், பின்னாலேயே போனாள். கூடத்துக்கு வந்தான், அங்கேயும் போனாள். மோட்டார் சைக்கிள் சாவியை அவன் எடுத்தபோது, பன்னிரண்டு வருசத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். கதவைத் தாழ் போட்டு, குறுக்கே நின்றாள்.

"இன்னிக்குப் பேசிட்டுத்தான் போகணும்."

இஞ்ஞாசி அவளைத் தள்ளவில்லை, திட்டவில்லை. பக்கத்திலிருந்த சன்னல் சட்டத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றான். பின்கழுத்தில் வேர்வை வழிந்தது. கூப்பிட்டாள், காதில் விழவில்லை. தோளைத் தொட்டாள், மரக்கட்டையைத் தொட்ட மாதிரி இருந்தது. அவளுக்குக் கோபமெல்லாம் இறங்கிப் போனது. தாழைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மோட்டார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

இதற்கு யாரிடம் போவது? காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அடிக்கிற புருசன் என்றால் போலீஸ் இருக்கிறது, தொழிற்சங்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். குடிக்கிறவனுக்குப் பாதிரியார் முன்னால் சத்தியம் வாங்கலாம். இவன் அடிப்பதில்லை, குடிப்பதில்லை, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கையில் கொடுக்கிறான். "பேச மாட்டேங்கிறார்" என்று சொன்னால் கேட்கிற பொம்பளைங்க, "குடுத்து வச்சவ" என்று பெருமூச்சு விடுவார்கள்.

முதலில் பங்குச் சாமியாரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து தினமும் ஜெபமாலை சொல்லுங்கம்மா. ஒண்ணா ஜெபிக்கிற குடும்பம் ஒண்ணா இருக்கும்" என்றார். ஒரு மாசம் சொன்னார்கள். இஞ்ஞாசி மணி மணியாக, குரல் பிசகாமல் சொன்னான். கடைசி மன்றாட்டு முடிந்து சிலுவை போட்டதும் அந்தக் குரல் எங்கேயோ போய்விட்டது. மாதாவோடு பேசுகிறவன் என்னோடு பேச மாட்டானா என்று அகத்தாவுக்கு ஆற்றாமை கூடிப் போனதுதான் மிச்சம்.

கூலிமில் ஒரு டாக்டரைப் பார்த்தாள். அவர் அவள் சொன்னதைப் பாதி கேட்டுவிட்டு, அவளுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பேசாதவன் புருசன், மாத்திரை பெண்டாட்டிக்கா என்று குழம்பிப் போய், அதை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள்.

செல்லாயி தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னாள். "முனியாண்டி கோயில்ல வர்ற வெள்ளிக்கிழமை சாமி வரும் டீச்சர். வாயைக் கட்டினது யாருன்னு புட்டுப் புட்டு வச்சிடும். நீங்க வேதக்காரங்க, வர வேணாம். அவரு சட்டை ஒண்ணு மட்டும் குடுங்க." அகத்தா சிரிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி ஒரு சட்டையை மடித்தும் வைத்துவிட்டாள். காலையில் எழுந்து அதையே இஞ்ஞாசிக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்தாள்.

வழி கிடைத்தது எதிர்பாராத இடத்தில். சுங்கை பட்டாணியில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தங்கமலர் என்கிற யாழ்ப்பாணத்து ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச்சுவாக்கில் அகத்தா, "எங்க வீட்டுக்காரர் வீட்டுல வாயே திறக்க மாட்டார்" என்று சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்து, பாதியில் கண் கலங்கிவிட்டாள். தங்கமலர் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னாள்: "என்ர பெரியம்மா ஒராள் இஞ்சதான் இருக்கிறா. பராசக்தி எண்டு பேர். இங்கிலாந்தில நர்ஸ் படிச்சு, மனநோய் ஆஸ்பத்திரியில கனகாலம் வேலை செய்தவ. குடும்பம் நடத்துறதில சிக்கல் எண்டால் புருசன் பெண்சாதி ரெண்டு பேரையும் இருத்தி வச்சுக் கதைக்கிறது எப்பிடி எண்டு அங்கயே படிச்சும் இருக்கிறா. வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ."

"மனநோய் ஆஸ்பத்திரியா?" என்றாள் அகத்தா. அதற்கு மேல் எதுவும் காதில் ஏறவில்லை.

பத்து நாள் அதை மனசில் போட்டுப் புரட்டினாள். பிறகு ஒரு சாயங்காலம் இஞ்ஞாசியிடம் சொன்னாள், "சனிக்கிழமை ஒருத்தங்களைப் பார்க்கப் போறோம். ரெண்டு பேருமா. புருசன் பொண்டாட்டி பேச்சு வார்த்தைக்கு யோசனை சொல்றவங்களாம்."

"ம்" என்றான் இஞ்ஞாசி.

அது சரியா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை அவன் சட்டை மாற்றிக்கொண்டு மோட்டாரை வாசலில் நிறுத்தியபோதுதான், சரி என்று தெரிந்தது. ஜேனைச் செல்லாயி வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

பராசக்தி அம்மாவின் வீடு, வாசலில் முருங்கை மரம் நிற்கிற சாதாரண வீடு. அறுபது வயசு இருக்கும். கொண்டையும் மூக்குக் கண்ணாடியுமாக, யாரோ கணக்கு டீச்சர் மாதிரி இருந்தார். கூடத்தில் அவருடைய கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பேப்பரோடு வெளியே போய்விட்டார்.

"வாங்கோ, இருங்கோ" என்று மூன்று நாற்காலிகளைக் காட்டினார் பராசக்தி. "சரி, கதையுங்கோ."

அகத்தா விழித்தாள். "என்னா கதைங்க?"

"கதை இல்லைப் பிள்ளை. பேசுங்கோ எண்டு சொல்லுறன்."

அகத்தா மளமளவென்று ஆரம்பித்தாள். பாலிங் மாற்றல், கதவுத் தாழ், அதற்கு முன்னால் ஜேனுக்கு ஞானஸ்நானம் வைத்த நாளில் நடந்தது, அதற்கும் முன்னால் மாமியார் செத்தபோது நடந்தது. வழக்கு ஒன்றைக் கோர்ட்டில் வைக்கிற மாதிரி வரிசையாக வைத்தாள். பராசக்தி யார் பக்கம் நியாயம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. இஞ்ஞாசியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்கட கால் நிலத்தில படுறது உங்களுக்குத் தெரியுதோ?"

இஞ்ஞாசி குனிந்து பார்த்தான். தலையாட்டினான்.

"பாக்காமல் சொல்லுங்கோ. குளிராய் இருக்கோ, சூடாய் இருக்கோ?"

கால்விரல்களை மடக்கிப் பார்த்துவிட்டு அவன், "தெரியல" என்றான்.

அகத்தாவுக்கு எரிச்சல் மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. அருமையாகக் கிடைக்கிற ஒரு சனிக்கிழமையைக் கெடுத்துக்கொண்டு வந்தது, கால் சூடா குளிரா என்று கேட்கவா?

"பிள்ளை, அவற்ற கையைப் பிடிச்சு நாடி பாருங்கோ."

"நானா? அவருதாங்க டிரெஸர். எனக்குத் தெரியாது."

"அவர் காட்டித் தருவார்."

இஞ்ஞாசி அவளுடைய இரண்டு விரலை எடுத்துத் தன் மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே வைத்தான். "இங்க. ரொம்ப அமுக்காத. அமுக்கினா தெரியாது" என்றான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் அவள் கையைப் பிடித்தது அப்போதுதான். துடிப்பு கிடைத்தது. சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக்கோடு ஏறக்குறைய ஒத்துப் போனது.

"இப்ப பாலிங் விசயத்தைக் கேளுங்கோ. வீட்டில கேக்கிற மாதிரியே கேளுங்கோ."

அகத்தா தயங்கினாள். பிறகு கேட்டாள். "பாலிங் போறதா வேணாமான்னு என்கிட்ட ஏன் சொல்லல? நான் மனுசியா, மண்ணா?" கேட்கக் கேட்க வீட்டுக் குரல் தானாக வந்துவிட்டது.

இஞ்ஞாசியின் முகம் மூடிக்கொண்டது. அதே பழைய முகம். கண் சன்னலுக்கு வெளியே முருங்கையில் போய் நின்றது. பார்த்தீங்களா என்று பராசக்தியிடம் சொல்ல அகத்தா வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது. விரலுக்குக் கீழே துடிப்பு கடிகாரத்தை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று விரலை நகர்த்தி வைத்தாள். அங்கேயும் அதே ஓட்டம். மலையேறி வந்தவனுக்கு அடிக்கிற மாதிரி அடித்தது. உள்ளங்கை மட்டும் ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"என்னங்க," என்றாள் பயந்துபோய், "உங்களுக்கு என்னா செய்யுது?"

"ஒண்ணும் செய்யல" என்றான் அவன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

பராசக்தி விளக்கினார். அகத்தா பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறவள் ஆனபடியால், இன்னொருத்தர் சொல்லிக் கொடுப்பதைக் கூர்ந்து கேட்டாள். கேட்டும் பாதிதான் விளங்கியது. மூளையில் ஒரு பகுதி கதைக்குமாம், கணக்குப் பார்க்குமாம், நாளைக்கு என்ன என்று யோசிக்குமாம். அதற்குக் கீழே இன்னொரு பகுதி இருக்கிறதாம். பாம்பைக் கண்டால் நாம் நினைப்பதற்கு முன்னாலேயே காலை இழுத்துக்கொள்வது அதுதானாம். அதற்குக் கதைக்கத் தெரியாதாம்.

"உங்கட குரல் உயரேக்க இவருக்கு அந்தப் பகுதிதான் முழிக்குது. அது முழிச்சால் கதைக்கிற பகுதி பின்னால போயிடும். சண்டை பிடிக்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது எண்டால் உடம்பு உறைஞ்சு போகும். இவர் உங்களை மதிக்காமல் சும்மா இருக்கேல்லை. இவரால ஏலாமல் இருக்கு."

"நான் பாம்பா?" என்றாள் அகத்தா.

"இல்லைப் பிள்ளை. அந்தப் பகுதிக்கு ஆளைப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

திரும்பும்போது மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு அகத்தா யோசித்தபடியே வந்தாள். காற்றும் இரைச்சலுமாக எதையும் பேச முடியாதது நல்லதாகப் போனது. பன்னிரண்டு வருசமாக, என்னைத் துரும்பாக நினைக்கிறான் என்று எத்தனை ராத்திரி தலையணையை நனைத்திருப்பாள். அந்த அழுகையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவன் கல் இல்லை என்று தெரிந்ததில் சந்தோசப்பட வேண்டுமா? இத்தனை நாளும் அவனைக் கல்லென்று குத்தியதற்கு வெட்கப்பட வேண்டுமா? கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அதை இறக்கி வைக்க இடம் இல்லை. பயமாம். ஐந்தடி உயரம்கூட இல்லாத என்னைப் பார்த்து, குளவி கொட்டினவனையும் கை வெட்டிக்கொண்டவனையும் பார்த்துச் சிரிக்கிற இந்த மனுசனுக்குப் பயமாம்.

வீட்டுக்கு வந்து கேட்டாள், "என்னைப் பார்த்தா பயமா உங்களுக்கு?"

"இல்லையே."

"சின்ன வயசுல யாராச்சும் போட்டு அடிச்சாங்களா?"

"எல்லாரையும் அடிச்ச மாதிரிதான் அடிச்சாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எனக்கும் ஒண்ணும் புரியல அகத்தா" என்றான்.

அவன் குழப்பம் வேறு மாதிரி போனது. நாடி ஓடுகிறது என்றால் அது இருதய வியாதிதான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத் தனக்குத்தானே ரத்தக் கொதிப்பு அளந்தான். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கருவாட்டை நிறுத்தினான், சாதத்தில் உப்பைக் குறைக்கச் சொன்னான். ஒரு வாரம் சப்பென்று சாப்பிட்டுவிட்டு, "இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல லா" என்று அவனே ஊறுகாய்ப் போத்தலைத் திறந்தான்.

இரண்டாம் தடவை போனபோதுதான் அகத்தாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. பராசக்தி இந்தத் தடவை அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்.

"அவர் முகத்தைத் திருப்பேக்க உங்கட உடம்பில என்ன நடக்குது?"

"கோவம் வருது."

"கோபத்துக்கு முன்னால?"

"முன்னால என்னா? கோவம்தான்."

"நெஞ்சில கை வச்சுப் பாருங்கோ. அவசரம் இல்லை."

"நீங்க என்னைய ஏன் பார்க்கிறீங்க? வியாதி அவருக்குத்தானே" என்று அகத்தா எழுந்தேவிட்டாள். எழுந்த பிறகுதான் கவனித்தாள், தாடை வலிக்கிற அளவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். சேலைத் தலைப்பைக் கை முறுக்கிக் கயிறாக்கி வைத்திருக்கிறது. உட்கார்ந்தாள். நெஞ்சில் கை வைத்தாள். அங்கே கோபத்துக்கு முன்னால் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்தது. மாடிப்படியில் இல்லாத ஒரு படியில் கால் வைத்த மாதிரி, ஒரு நொடி உள்ளே விழுந்தது. அதற்குப் பெயர் தெரியவில்லை. "யாரும் இல்லாத மாதிரி" என்று மட்டும் சொன்னாள். இஞ்ஞாசி திரும்பி அவளைப் பார்த்தான்.

"இவருக்குப் பயம் எண்டால் உறையுறார். உங்களுக்குப் பயம் எண்டால் நீங்கள் துரத்துறியள். நீங்கள் துரத்தத் துரத்த அவர் உறையுறார். அவர் உறைய உறைய நீங்கள் துரத்துறியள்" என்றார் பராசக்தி. "இதில ஆர் தொடங்கினது எண்டு எனக்குக் கேக்கத் தேவையில்லை."

"ஏன் இப்படி ஆச்சுன்னு தெரிய வேணாமாங்க? காரணம் தெரியாம வைத்தியமா?" என்றாள் அகத்தா.

இதற்குப் பதில் சொன்னது இஞ்ஞாசி. "காய்ச்சலுக்கெல்லாம் காரணம் தெரிஞ்சுகிட்டா நாங்க மருந்து குடுக்குறோம்?" என்றான். பராசக்தி வாய்விட்டுச் சிரித்தார். அகத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கேட்காமலே பேசியிருக்கிறான் என்பதைக் கவனித்தாள்.

வைத்தியம் என்று அந்த அம்மா சொன்னது ரொம்பச் சின்ன விசயம். பேச்சு சூடாகும்போது இஞ்ஞாசி உடம்பைக் கவனிக்க வேண்டும். கை குளிர்கிறது, காது அடைக்கிறது என்றால், "கொஞ்சம் இரு, வந்துடறேன்" என்று வாயால் சொல்லிவிட்டு வெளியே போகலாம். நடக்கலாம், தண்ணீரில் முகம் கழுவலாம், மூச்சை மெதுவாக விடலாம். ஆனால் திரும்பி வரவேண்டும். வந்து அதே பேச்சை அவனே எடுக்கவேண்டும். அகத்தா பின்னால் போகக் கூடாது.

"இவ்வளவுதானா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள். "இதுக்கு இங்கிலாந்து போகணுமா?"

இவ்வளவுதான் என்றாலும் லேசில் வரவில்லை. முதல் தடவை, ஜேனை ட்யூசனுக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு முற்றியபோது இஞ்ஞாசி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியே போனான். அகத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஓடச் சொல்லிக் கால் பறந்தது. பால்வெட்டுக்குப் போன ஒரு பொம்பளையைக் குளவி கொட்டிவிட்டது என்று யாரோ வந்து அவனை வழியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியாது. அவன் திரும்பி வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. "இப்ப தப்பிச்சுப் போறதுக்கு ஒரு மந்திரம் வேற கத்துக்கிட்டீங்க" என்று அவள் பிடித்துக்கொண்டாள். அவன் மறுபடி உறைந்தான். இரண்டு நாள் வீடு பழையபடி கிடந்தது.

மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ, போனவன் வேலியோரமாக ஒரு நடை நடந்துவிட்டுத் திரும்பி வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்து, "ட்யூசன் விசயம்" என்றான். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவனுக்கு வரவில்லை. அகத்தாவும் அவசரப்படுத்தவில்லை. அன்றைக்கு ட்யூசன் முடிவாகவில்லை. ஆனால் அவன் வந்து உட்கார்ந்தது அவளுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருந்தது.

அதற்குள் நவம்பர் பிறந்துவிட்டது. மாற்றலுக்குச் சம்மதமா என்று பள்ளி விடுமுறைக்கு முன்னால் துரை பதில் கேட்டிருந்தார். ஒரு மத்தியானம் மழை விட்ட நேரம், பின்வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அகத்தாவிடம் இஞ்ஞாசியே வந்து நின்றான். கூப்பிடவில்லை, கேட்கவில்லை. தானாக வந்தான்.

"பாலிங் விசயம் சொல்றேன். நடுவுல பேசாத. பேசினா நின்னு போயிடும்."

அகத்தா கீரையைக் கீழே வைத்தாள்.

"நான் போகணும்னு நெனைக்கிறேன்."

இத்தனை மாசமாக அவள் தனக்குள் இரண்டு பக்கத்துக்கும் வாதம் செய்து முடித்து வைத்திருந்தாள். அவனுக்குப் போக விருப்பமில்லை, துரையிடம் மறுத்துச் சொல்ல முடியாமல்தான் தவிக்கிறான் என்பதுதான் அவள் தீர்ப்பு. வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று நம்பியிருந்தாள்.

இஞ்ஞாசி தரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனான். "இங்க எங்கப்பா பால்வெட்டினவரு. நான் என்னா செஞ்சாலும் வெட்டுக்காரன் மவன் முத்துதான். வேலை வாங்குற மண்டோர்கூட டேய்னுதான் கூப்பிடுறாரு. தாப்பா, பரவால்ல, அதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அங்க முப்பது கட்டில் ஆஸ்பத்திரி. எனக்குக் கீழ ரெண்டு பேரு. புதுசா ஒரு இடத்துல நின்னு பார்க்கணும்னு ஆசையா இருக்கு. ஒன் வேலையைக் கெடுத்துட்டு ஆசைப்படுறது தப்புன்னு தோணுது. அதான் வாய் வரல. இப்பவும் கை குளிருது." கையை நீட்டிக் காட்டினான்.

அகத்தா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. பேசு பேசு என்று பன்னிரண்டு வருசம் தட்டின கதவு திறந்து, உள்ளேயிருந்து தனக்கு வேண்டாதது வெளியே வந்து நிற்கிறது. நல்லது என்பதா, போகாதே என்பதா? ஆசை இருக்கிற மனுசன் என்று சந்தோசம். அந்த ஆசையில் நான் எங்கே என்று ஆத்திரம். இதைச் சொல்ல இவ்வளவு பாடுபட்டவனிடம் எப்படி ஆத்திரப்படுவது என்று வெட்கம். கீழே வைத்த கீரையை எடுத்து மறுபடி ஆய்ந்தாள்.

"எனக்குப் போக விருப்பம் இல்லங்க" என்றாள் கடைசியில், மெதுவாக. "எனக்கு இங்க பிள்ளைங்க இருக்கு. ஒண்ணாம் ஆண்டுலருந்து நான் எழுத்துச் சொல்லிக் குடுத்த பிள்ளைங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும் ஆசையாத்தான் இருக்கு."

அன்றைக்கு அதற்கு மேல் நகரவில்லை. அடுத்த நாள் அவனே மறுபடி எடுத்தான், அதற்கடுத்த நாள் அவள் எடுத்தாள். ஒரு நாள் குரல் ஏறி, அவன் வேலியோரம் நடந்துவிட்டு வந்தான். ஒரு நாள் அவள் நடந்துவிட்டு வந்தாள். பிறகு இருவருக்கும் அரைகுறையாகப் பிடித்த ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜனவரியில் இஞ்ஞாசி பாலிங் போவது. ஜேன் ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை அகத்தா இங்கேயே இருப்பது. சனிக்கிழமை தோறும் அவன் வருவது. அகத்தா மாற்றலுக்கு எழுதிப் போட்டு, கிடைத்தால் அடுத்த வருசம் போவது. கிடைக்காவிட்டால் என்ன என்பதை இரண்டு பேருமே தொடவில்லை.

டிசம்பரில் கடைசியாகப் பராசக்தியைப் பார்த்துவிட்டு வந்தார்கள். "இவரு இப்ப பேசுறாருங்க. ஆனா இப்ப நாங்க தனித் தனியா இருக்கப் போறோம். இது குணமானதா, கெட்டுப் போனதா?" என்று அகத்தா கேட்டாள்.

பராசக்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் தெரியேல்லைப் பிள்ளை" என்றார். "ஒருக்கால் வந்து சொல்லுங்கோ, எப்பிடி இருக்கு எண்டு."

தோட்டத்தில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. டிரெஸரும் டீச்சரும் பிரிந்துவிட்டார்கள் என்றார்கள். மாதா கோயிலில் ஒரு பொம்பளை வந்து அகத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். செல்லாயி மட்டும், "சனிக்கிழமை தவறாம அவரு வந்து, ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்கிறாங்க. பிரிஞ்சவங்க எங்கடி சண்டை போடுவாங்க?" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அகத்தா பாலிங் வீட்டை முதன்முதலாகப் பார்த்தது மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில். கூப்பாங் வழியாக பஸ்ஸில் வந்து இறங்கியபோது ஜேனுக்கு வாந்தி, அவளுக்குத் தலைவலி. இஞ்ஞாசி பஸ் நிற்கிற இடத்திலிருந்தே ஆரம்பித்துவிட்டான். புது வார்டு, பிரசவக் கட்டில், தாய்லாந்துப் பக்கமிருந்து வந்த ஒரு நோயாளி, கூட வேலை செய்கிற ரமணி என்கிற பையனின் சோம்பேறித்தனம். வீடு வரைக்கும் நிறுத்தவே இல்லை. ஆஸ்பத்திரிப் பேச்சு என்பதால் வருகிறதா, இல்லை இப்போது எல்லாமே வருமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் வாயை மூடினால் தேவலை என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்கே திகைப்பாக இருந்தது.

வீடு பழையதைவிடப் பெரியது. அடுப்படிச் சன்னலுக்கு வெளியே பால்மரமும் அதற்குப் பின்னால் மலையும் தெரிந்தன. பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள், அங்கிருந்து தெரியவில்லை. இஞ்ஞாசி குழாயைத் திறந்து காட்டினான், தண்ணீர் நன்றாக வந்தது. பின்கதவைத் திறந்து காட்டினான். பிறகு வந்து அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான்.

"ஒனக்குப் புடிச்சிருக்கா?"

பிடித்திருக்கிறது என்று சொன்னால் அவன் முகம் மலரும். பிடிக்கவில்லை என்றால் வாடும். இரண்டுமே முழுப் பொய்யும் இல்லை, முழு நிஜமும் இல்லை. அகத்தா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தன் உடம்பைக் கேட்டுப் பார்த்தாள். அதுவும் ஒன்றும் சொல்லவில்லை.

"தெரியலங்க" என்றாள்.

"சரி" என்றான் இஞ்ஞாசி. போய்விடாமல், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.